பேஸ்டல் ஓவியத்துக்கு அடிப்பூச்சு: எந்தத் தாளில், எதைக் கரைத்து, என்ன நிறத்தில்?

நீலத்தாள் (கேள்வி)

வணக்கம். மூன்று ஆண்டுகளாக சாஃப்ட் பேஸ்டலில் (தூளாக உதிரும் வண்ணக்கட்டிகளில்) நிலக்காட்சிகள் வரைந்து வருகிறேன். கேன்சன் மி-டெயின்ட்ஸ் என்னும் நிறத்தாளில் பழுப்பையோ சாம்பலையோ எடுத்துக்கொண்டு, கரித்துண்டால் லேசாகக் கோடிட்டு, நேரே வண்ணக்கட்டியைத் தீற்றுவதே இதுவரை என் வழக்கம். படங்கள் மோசமில்லை, ஆனால் பச்சை நிறம் மட்டும் என் கைக்கு அடங்குவதே இல்லை. எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கத்தில் இருப்பதால், நான் வரைவதில் பாதிக்கு மேல் நெல்வயல்தான். மாலை வெயிலில் அந்த வயலுக்குள் ஒரு செம்மையும் பொன்னிறமும் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. தாளிலோ அது புதிதாகப் பெயின்ட் அடித்த இரும்புக் கேட்டைப் போலத் தட்டைப் பச்சையாக வந்து நிற்கிறது. சரிசெய்வதற்காக மேலும் மேலும் தீற்றினால், நான்கைந்து படிவுகளுக்குப் பிறகு தாள் எதையும் ஏற்பதில்லை. நிறங்கள் குழம்பிச் சேறாகிவிடுகின்றன.

அண்டர்பெயின்டிங், அதாவது பேஸ்டலுக்கு முன்பே தாளில் ஒரு நிறத்தைப் பூசிக்கொள்வது, செய்து பார்க்கும்படி ஒரு தோழி சொன்னார். அடிப்பூச்சு என்றே இனி எழுதுகிறேன். மூன்று முறை முயன்றேன், மூன்றும் கெட்டன. முதலில் அதே மி-டெயின்ட்ஸ் தாளில் நீர்வண்ணத்தைப் பரவலாகப் பூசினேன். தாள் பொரித்த அப்பளம் போல நெளிந்து, காய்ந்த பிறகும் நேராகவில்லை. அடுத்து, பேஸ்டலைத் தாராளமாகத் தீற்றி, மருந்துக்கடையில் வாங்கிய ஸ்பிரிட்டைத் தொட்டுத் தூரிகையால் கரைத்தேன். நிறம் தாளின் பள்ளங்களில் மட்டும் தேங்கி, மேலே பால் ஆடை போல வெளிறிய படலம் படர்ந்தது. மூன்றாவதாக மவுண்ட் போர்டில் அக்ரிலிக் வண்ணத்தைப் பூசினேன். பூச்சு பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அதன்மேல் பேஸ்டலை வைத்தால், கண்ணாடியில் சாக்பீஸால் எழுதுவது போல வழுக்கிக்கொண்டு போனது.

என்னிடம் இருப்பவை முங்யோ அரைக்கட்டிகள் ஒரு பெட்டியும், கொஞ்சம் கடின பேஸ்டல்களும். யூஆர்ட், பேஸ்டல்மேட், பான்பேஸ்டல் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. எல்லாம் விலை கூடியவை. இவற்றுள் எதை வாங்குவது உண்மையிலேயே பயன் தரும், எதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், வயலுக்கு அடியில் என்ன நிறத்தை வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரித்துண்டு

உங்கள் மூன்று தோல்விகளுக்கும் வேர் ஒன்றே, அம்மா: தாளின் சொரசொரப்பு. பேஸ்டல் கட்டியில் இருப்பது நிறமித்தூள், கொஞ்சம் சுண்ணம், அதை ஒட்டவைக்க மிகக் குறைவான பசை, அவ்வளவே. எண்ணெய் வண்ணத்தைப் போல அது தானாக ஒட்டிக்கொண்டு காய்வதில்லை. தாளின் மேடுபள்ளங்களில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பள்ளங்கள் நிரம்பிவிட்டால் அதற்குமேல் தீற்றும் ஒவ்வொரு கோடும் முன்பிருந்த தூளைக் கிளப்பிக் கலக்குமே தவிரத் தனியாக நிற்காது. நீங்கள் சேறு என்று சொல்வது இதைத்தான். அடிப்பூச்சின் முதற்பயன் இங்கேதான் இருக்கிறது. பள்ளங்களை நிரப்பாமலே தாளுக்கு நிறமும் இருள்வெளிச்சமும் கொடுத்துவிட்டால், பேஸ்டலை இரண்டு மூன்று படிவுகளில் முடித்துக்கொண்டு கையை எடுத்துவிடலாம்.

அப்படிப் பார்த்தால், மி-டெயின்ட்ஸ் தாளின் எடை சதுர மீட்டருக்கு 160 கிராம். நீரைத் தாங்க அது போதாது. நீர்வண்ணம்தான் வேண்டும் என்றால் 300 கிராம் நீர்வண்ணத் தாளைப் பலகையில் ஒட்டி, பூச்சு காய்ந்தபின் மேலே சொரசொரப்புத் தரும் நிறமற்ற பேஸ்டல் பிரைமரை ஒரு கை பூசிக்கொள்ளலாம். இரண்டாவது சோதனையில் இரண்டு பிழைகள் சேர்ந்துகொண்டன. சாஃப்ட் பேஸ்டலின் வெளிர்நிறக் கட்டிகளில் வெள்ளையும் சுண்ணமும் மிகுதி. நனைத்தால் அவை சுண்ணாம்புக் கரைசலாகவே மாறும். போதாததற்கு, மி-டெயின்ட்ஸ் தாளின் ஒரு பக்கம் தேன்கூடு போன்ற அச்சுடையது. நீங்கள் பூசியது அந்தப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். மறுபக்கம் அதைவிட மென்மையானது, சாதாரண வேலைக்கே அதுதான் நல்லது என்பது என் எண்ணம். மூன்றாவதில், அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக் படலம். கெட்டியாகப் பூசினால் பள்ளங்களை மூடி முத்திரை வைத்துவிடும். தண்ணீர்போலக் கரைத்துச் சாயம் ஏற்றுவது போலத் தடவியிருந்தால் அதுவே வேலை செய்திருக்கும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது ஆல்கஹால் முறைதான்; ஆனால் தாளை மாற்றிக்கொண்டு. யூஆர்ட் என்பது ஓவியர்களுக்கென்றே செய்யப்படும் உப்புத்தாள். 240 முதல் 800 வரை எண்கள் உண்டு, எண் ஏற ஏற மணல் நுண்மையாகும். 400 என்ற எண்ணில் தொடங்குங்கள். கடின பேஸ்டலின் பக்கவாட்டைக்கொண்டு மூன்று அல்லது நான்கு நிறங்களை மட்டும், அதுவும் தாளின் நிறம் இடையிடையே தெரியும்படி மெல்லத் தடவ வேண்டும். கடினக் கட்டியைச் சொல்வதற்குக் காரணம், அது குறைந்த தூளை விட்டுச் செல்லும் என்பதே. பிறகு 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, விலை குறைந்த பன்றிமயிர்த் தூரிகையால், வெளிச்சமான பகுதியில் தொடங்கி இருளுக்குச் செல்லும் வரிசையில் கரைத்துவிடுங்கள். இடையில் தூரிகையைத் துடைத்துக்கொள்ள மறக்க வேண்டாம். உப்புத்தாளில் நல்ல தூரிகையைத் தொடவே கூடாது. ஒரே படத்தில் முடி தேய்ந்துவிடும். நனைந்திருக்கும்போது நிறம் கருமையாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். அதைப் பார்த்துப் பயந்து பாதியில் துடைக்காதீர்கள். 70 விழுக்காடு ஆல்கஹாலும் உதவும். ஆனால் அதில் எஞ்சியது நீர் என்பதால் மெதுவாகக் காயும், வழிந்தோடும். வழிதலை விரும்புகிறவர்கள் அதையே வேண்டி வாங்குவதும் உண்டு.

மருந்துக்கடையில் கேட்கும்போது, புட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். மெத்தனால் கலந்த ஸ்பிரிட்டை மூடிய அறையில் பயன்படுத்துவது கண்ணுக்கும் நரம்புக்கும் கேடு. கை கழுவும் சானிடைசரைத் தொடவே வேண்டாம்; அதில் சேரும் கிளிசரின் காயாமல் பிசுபிசுக்கும். என் மாணவர் ஒருவர் ஹார்டுவேர் கடைத் தின்னரைக் கொண்டுவந்து வகுப்பையே காலி செய்ய வைத்தார், அதையும் தவிர்த்துவிடுங்கள். சன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பும் ஊதுவத்தியும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

பேஸ்டல்மேட் பற்றிக் கேட்டீர்கள். அது 360 கிராம் எடையுள்ள தாள்; மணலுக்குப் பதிலாகச் செல்லுலோஸ் நார் பூசப்பட்டது. தொட்டால் வெல்வெட் போல மென்மையாக இருக்கும், ஆனாலும் பேஸ்டலை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், ஈரத்தையும் தாங்கும். விரல் தேயாது என்பதால் முகங்கள் வரைபவர்கள் அதை விரும்புகிறார்கள். வயலுக்கும் மரத்துக்கும் எனக்கு உப்புத்தாளின் கரடே பிடிக்கும். பான்பேஸ்டல் என்பது சிறு வட்டக் கிண்ணங்களில் அழுத்தி அடைத்த தூள். ஸ்பான்ஜால் தொட்டுத் தடவ வேண்டும். மிக மெல்லிய படலமாகப் பரவுவதால், திரவமே இல்லாமல் உலர்ந்த அடிப்பூச்சாக அதைப் பயன்படுத்தலாம். உங்களிடம் இருக்கும் மி-டெயின்ட்ஸ் தாள்களை வீணாக்காமல் தீர்க்க வேண்டும் என்றால், நான்கே நிறங்கள் வாங்கினால் போதும்: ஒரு செம்மண், ஒரு காவி, ஒரு அடர் ஊதா, ஒரு சாம்பல் நீலம்.

மார்கழிப்பனி

கரித்துண்டு ஐயா பொருள்களைப் பற்றி எழுதிவிட்டதால் நான் நிறத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரே காட்சியைப் பலமுறை வரைந்து பார்ப்பது நல்லது. சென்ற ஆண்டு நான் ஒரு வாய்க்கால் கரையை, ஐந்துக்கு ஏழு அங்குல அளவில், யூஆர்ட் 400 தாளில் நான்கு முறை வரைந்தேன். மேலே தீற்றிய பேஸ்டல் கட்டிகள் நான்கிலும் அதே ஒன்பதுதான். அடிப்பூச்சு மட்டும் வேறு.

முதலாவதில் பொருளின் நிறத்தையே அடியிலும் வைத்தேன்: பச்சைக்குப் பச்சை, வானுக்கு நீலம். வேலை சுலபமாக முடிந்தது, படம் தூங்கியது. இரண்டாவதில் எதிர்நிறங்கள்: பச்சைக்கு அடியில் சிவப்பு, நீலத்துக்கு அடியில் ஆரஞ்சு. பேஸ்டலின் கோடுகளுக்கிடையே அடிநிறம் எட்டிப் பார்க்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன. பிரான்சில் கோபெலின் சாயப் பட்டறையில் பணியாற்றிய வேதியியலாளர் ஷெவ்ரூல், பக்கத்தில் வைக்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை 1839-இல் நூலாகவே எழுதினார். இங்கே நிகழ்வது அதுதான். ஆனால் முழுச்சிவப்பின்மேல் இளம்பச்சையைத் தீற்றியபோது, என் வயல் கதிராகத் தெரியாமல் மிளகாய் காயப்போட்ட களமாகத் தெரிந்தது. இரண்டு நிறங்களும் ஒரே வீரியத்தில் நின்றதால் கண் எங்கும் தங்க முடியவில்லை. மூன்றாவதில் தாள் முழுவதும் ஒரே செங்காவி, இருட்டில் அடர்த்தியாகவும் வெளிச்சத்தில் நீர்த்தும். நான்காவதில் நிறத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஊதாவின் மூன்று அழுத்தங்களில் இருளையும் ஒளியையும் மட்டும் பிரித்தேன்.

உங்கள் மாலை வயலுக்கு மூன்றாவதையே சொல்வேன். நெல்லின் இளம்பச்சைக்கு அடியில் சிவப்பைவிடக் காவியும் ஆரஞ்சும் இணக்கமாக அமைகின்றன. வரப்பிலும் பயிர்களின் அடித்தூரிலும் அந்தக் காவியை மூடாமல் அப்படியே விட்டுவிட்டால், நீங்கள் சொன்ன அந்தச் செம்மை தானாகவே வயலுக்குள் வந்துவிடும். தென்னையின் நிழற்பக்கத்துக்கு ஊதாவை வையுங்கள். வானத்தின் அடிப்பகுதிக்கு வெளிறிய பீச் நிறம். அதன்மேல் நீலத்தை அழுத்தாமல் தடவினால் அடிவானத்தில் வெப்பம் தெரியும். இதில் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்: அடிப்பூச்சின் நிறம் எவ்வளவு விபரீதமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், இருள்வெளிச்ச அளவு தப்பினால் பொறுக்க முடியாது. கைப்பேசியில் படம் பிடித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் அந்தப் பிழை உடனே அகப்படும்.

நிலக்காட்சியை விட்டு ஒரு நிமிடம் விலகிச் சொல்கிறேன். முகங்களுக்குப் பச்சை அடிப்பூச்சு வைக்கச் சொல்லும் பாடங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவை இளஞ்சிவப்புத் தோலை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அதே பச்சையை வைத்தால் முகம் நோயாளி முகமாகிவிடுகிறது. நிழலுக்கு அடர் நீலமும் ஒயின் சிவப்பும், ஒளிபடும் நெற்றிக்கும் கன்னத்துக்கும் காவியும் வைத்தபோதுதான் என் பாட்டியின் முகம் எனக்குப் பாட்டியாகத் தெரிந்தது.

வீட்டிலேயே செய்துகொள்ளலாமா என்று கேட்டீர்கள். முடியும். வெள்ளை ஜெஸ்ஸோவில் (ஓவியத்துக்கு முன் தளத்தில் பூசும் அடிப்பூச்சுக் கலவை) பளிங்குத் தூளோ பியூமிஸ் தூளோ கலந்து, கொஞ்சம் தண்ணீர் சேர்த்து, எம்டிஎஃப் பலகையிலோ கெட்டியான தாளிலோ அகலத் தூரிகையால் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கை பூசினால் பேஸ்டலுக்குத் தேவையான தளம் கிடைத்துவிடும். நான்கு பங்கு ஜெஸ்ஸோவுக்கு ஒரு பங்கு தூள் என்பது என் அளவு. ஒருமுறை பளிங்குத் தூள் கிடைக்காமல், வாசலுக்குப் போடும் கல் கோலமாவையே மெல்லிய துணியில் சலித்துக் கலந்தேன். பிடிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் சலித்த பிறகும் பருக்கைகள் தப்பி வந்து, வானத்தில் அங்கங்கே மணல் தெறித்தாற்போல் நின்றன. வயலுக்கு அது பொருந்தியது, வானுக்குப் பொருந்தவில்லை. எந்தத் தூளாக இருந்தாலும் கலக்கும்போது மூக்கையும் வாயையும் என்95 முகக்கவசத்தால் மூடிக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டுத்தளத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ஜெஸ்ஸோவிலேயே கொஞ்சம் அக்ரிலிக் நிறத்தைக் கலந்துவிட்டால் தளமும் நிறமும் ஒரே வேலையாக முடிந்துவிடும். தூள் இருப்பதால் வழுக்காது. தூரிகையின் தடம் பேஸ்டலுக்கு அடியிலிருந்து தெரியும் என்பதால், வயலில் கிடையாகவும் மரத்தில் செங்குத்தாகவும் தூரிகையை ஓட்டினால் அந்தத் தடமே பாதிப் படத்தை வரைந்துகொடுக்கும்.

வெறுந்தாள்

மேலே சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் அடிப்பூச்சு இல்லாமல் பேஸ்டல் இல்லை என்ற எண்ணம் புதியவர்களுக்கு வந்துவிடக் கூடாது. பதினெட்டாம் நூற்றாண்டில் பேஸ்டல் உருவப்படங்கள் பெரும்பாலும் நீலத் தாளில்தான் வரையப்பட்டன. அந்தத் தாளைத் துணியில் ஒட்டிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக்கொள்வார்கள். சுவிஸ் ஓவியர் லியோதார் தம் சாக்லேட் ஏந்திய பணிப்பெண்ணை 1744 வாக்கில் ஆட்டுத்தோல் போன்ற வழவழப்பான தோற்றாளில் வரைந்தார். அமெரிக்க ஓவியர் விஸ்லர் 1879-80-இல் வெனிஸ் நகரில் தங்கியிருந்தபோது செய்த பேஸ்டல்களில் பழுப்புத் தாள்தான் சுவரும் நீரும் நிழலும்; அவர் பல இடங்களில் தொட்டது சில கோடுகளும் நாலைந்து நிறப்பொட்டுகளும் மட்டுமே. 1881-இல் லண்டனில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்.

நீலத்தாள் அவர்களின் சிக்கல் அடியில் இல்லை, கை நிற்காததில் இருக்கிறது என்பது என் ஐயம். ஐந்து படிவு தீற்றுகிற கை, உப்புத்தாள் கிடைத்தால் பத்துப் படிவு தீற்றும். விலை கூடிய தாள் வாங்குமுன் ஒரு வாரம், கையிலிருக்கும் மி-டெயின்ட்ஸ் தாள்களிலேயே செங்காவி நிறத் தாளை எடுத்து, தாளில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமலே விடுவேன் என்று உறுதியாக இருந்து வரைந்து பாருங்கள். செங்காவி அடிப்பூச்சு செய்கிற வேலையைச் செங்காவித் தாளும் செய்யும். காயக் காத்திருக்கவும் வேண்டாம்.

சட்டமும் கண்ணாடியும்

நான் ஓவியன் அல்லன். கடற்கரை நகரம் ஒன்றில் படங்களுக்குச் சட்டமிடும் தொழில் செய்கிறேன். அடிப்பூச்சுப் பரிசோதனைகள் ஐந்து ஆண்டுகள் கழித்து என்ன ஆகின்றன என்பது எங்களிடம் திரும்பி வரும் படங்களில் தெரியும். அதனால் சில சொற்கள்.

இயற்கை வண்ணம் என்ற ஆசையில் மஞ்சள் கரைத்த நீரை அடியில் பூசிய படம் ஒன்று வந்தது. மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது என்பது துணி துவைக்கும் எல்லோருக்கும் தெரியும். வேட்டியில் பட்ட மஞ்சள் கறையை வெயிலில் காயப்போட்டுத்தானே போக்குகிறோம்? படத்திலும் அதுவே நடந்தது. தெற்குப் பார்த்த சுவரில் ஓராண்டு தொங்கியதும், மேலே தீற்றிய பேஸ்டல் அப்படியே இருக்க, இடைவெளிகளில் இருந்த பொன்னிறம் மட்டும் காணாமல் போயிருந்தது. பேனா மையும் ஆல்கஹால் மார்க்கரும் பெரும்பாலும் சாயத்தால் ஆனவை, அவையும் வெளுக்கும். நியான் நிற பேஸ்டல்களின் ஒளிர்வும் அப்படித்தான். அடியில் மை வேண்டும் என்றால் நிறமி கலந்த இந்தியன் இங்க் வாங்குங்கள். அடிப்பூச்சை மூடாமல் விடச் சொல்கிறீர்கள். அப்படியானால் மேலே இருப்பது எவ்வளவு காலம் நிற்க வேண்டுமோ அவ்வளவு காலம் அதுவும் நிற்க வேண்டும்.

எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து அடிப்பூச்சாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். பிரைமர் பூசிய தளத்தில் மெல்லியதாக வைத்தால் கெடுதல் இல்லை. வெறுந்தாளில் வைத்தால் எண்ணெய் ஊறி, அந்த இடம் நாளடைவில் பழுத்து முறியத் தொடங்கும். ஹார்டுவேர் கடை உப்புத்தாளில் வரைந்தவற்றுக்கும் நீண்ட ஆயுள் கிடையாது. அதன் பின்தாளும் பசையும் மரம் தேய்க்கச் செய்யப்பட்டவை, காலம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விற்பதற்கு வேண்டாம்.

ஈரப்பூச்சு காய்ந்துவிட்டது என்று கை சொன்னாலும், நீர் கலந்த எதையும் முழுதாக ஒரு நாள் மின்விசிறிக்கடியில் வைத்த பிறகே எங்களிடம் கொடுங்கள். எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் 65 விழுக்காட்டைத் தாண்டிப் பல மாதங்கள் நிற்கிறது. உள்ளே சிக்கிய ஈரத்தையும் சேர்த்துக் கண்ணாடிக்குள் அடைத்தால் பூஞ்சை பூக்கும். கண்ணாடி படத்தைத் தொடாமல் இருக்க இடையில் மவுண்ட் போர்டோ சட்டத்துக்குள் மறைகிற ஸ்பேசரோ கட்டாயம். எடை குறைவு என்று அக்ரிலிக் ஷீட் கேட்பவர்கள் உண்டு. துடைக்கும்போது அதில் ஏறும் நிலைமின்சாரம் பேஸ்டல் தூளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஃபிக்ஸேட்டிவ் (தூள் உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடிப்பதானால் கடைசியில் அடிக்காமல் நடுவில், இருளான படிவுகளுக்கு மட்டும் அடியுங்கள். கடைசியில் அடித்தால் வெள்ளையும் இளநிறங்களும் மங்கிவிடுகின்றன. அதைப் பார்த்துவிட்டுச் சட்டம் இட்டவரைக் கோபிப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

நீலத்தாள்

அனைவருக்கும் நன்றி. பதில் எழுதப் பத்து நாள் ஆனதற்குக் காரணம், சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்ததுதான்.

முதலில் வெறுந்தாள் அவர்கள் சொன்னபடி செங்காவித் தாளில் நான்கு படங்கள் வரைந்தேன். மூன்றில் ஒரு பங்கை விடுவது எனக்கு எவ்வளவு கடினம் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு படங்களில் கை தன்னையறியாமல் போய் மூடிவிட்டது. மற்ற இரண்டும் என் பழைய படங்களைவிட நன்றாக வந்தன. ஆனால் வானத்துக்கும் அதே செங்காவிதான் அடியில் இருக்க வேண்டியிருந்ததால், நீலத்தைக் கனமாகத் தீற்றாமல் வெளிச்சம் வரவில்லை. அடிப்பூச்சு எதற்கு என்பதை அந்த இடம் எனக்குப் புரியவைத்தது. ஒரு தாளுக்கு ஒரு நிறம்தான் இருக்க முடியும். பூச்சுக்கு வானில் ஒன்று, வயலில் ஒன்று இருக்கலாம்.

பிறகு யூஆர்ட் 400 ஒரு தாள் வாங்கி நான்காக வெட்டிக்கொண்டேன். 99 விழுக்காடு ஆல்கஹாலில், வயலுக்குக் காவி, தென்னைக்கு ஊதா, அடிவானத்துக்குப் பீச். மேலே பேஸ்டல் இரண்டே படிவு. வரப்பை நான் வரையவே இல்லை. பூச்சை விட்டுவைத்ததே வரப்பாகிவிட்டது. ஒரே குறை, வானத்தில் பீச் நிறம் முடியும் இடத்தில் கத்தியால் கீறியது போல ஒரு விளிம்பு காய்ந்து நிற்கிறது. பேஸ்டலால் மூடினாலும் தெரிகிறது. இதைத் தவிர்ப்பது எப்படி? மற்றொன்று, பிரெஞ்சு ஓவியர் தேகா அச்சுப்படத்தின்மேல் பேஸ்டல் தீற்றியதாக எங்கோ பார்த்தேன். அதுவும் அடிப்பூச்சுதானா, வீட்டில் செய்ய முடியுமா?

கரித்துண்டு

விளிம்பு வருவதற்குக் காரணம் 99 விழுக்காட்டின் வேகம்தான். வானத்துக்கு மட்டும் 70 விழுக்காட்டை எடுத்துக்கொண்டு, நிறம் முடியும் இடத்துக்கு ஒரு விரல் அகலம் அப்பால் வரை வெறும் ஆல்கஹாலால் முன்கூட்டியே நனைத்துவிடுங்கள். நிறம் அந்த ஈரத்துக்குள் பரவித் தானாகக் கரைந்து முடியும். மின்விசிறியையும் அப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே காய்ந்த விளிம்பை ஈரமான பன்றிமயிர்த் தூரிகையால் வட்டமாகத் தேய்த்தால் பாதி போகும். மீதிப் பாதியை ஒரு மேகத்தால் மறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தேகா செய்தது அடிப்பூச்சின் இன்னொரு வகைதான். 1870-களின் நடுப்பகுதியிலிருந்து அவர் உலோகத் தகட்டின்மேல் மையால் வரைந்தும் துடைத்தும், அதன்மேல் தாளை வைத்து அச்செடுத்தார். முதல் பிரதி கருமையாக வரும். தகட்டில் மிச்சமிருக்கும் மையில் இரண்டாவது எடுத்தால் வெளிறி வரும். அந்த வெளிறிய பிரதியைத்தான் பல நேரங்களில் பேஸ்டலுக்கு அடித்தளமாக்கிக்கொண்டார். பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கும் மேடை நடனக்காரியின் படம் அப்படி மோனோடைப்பின்மேல் (இவ்வாறு தகட்டில் மையால் வரைந்து எடுக்கும் அச்சின் பெயர் அது) வரையப்பட்டதே.

வீட்டில் செய்ய அச்சு இயந்திரம் தேவையில்லை. ஒரு அக்ரிலிக் ஷீட்டில் எண்ணெய் அடிப்படையிலான அச்சு மையை ரோலரால் மெல்லத் தேய்த்து, வெளிச்சம் வேண்டிய இடங்களைத் துணியாலும் பஞ்சாலும் துடைத்து எடுங்கள். பருத்தித் தாளை லேசாக நனைத்து, தண்ணீர் மினுங்காதபடி ஒற்றி, ஷீட்டின்மேல் வைத்து, குழிக்கரண்டியின் முதுகால் முழுவதும் அழுத்தித் தேய்த்து மெல்ல உரித்தெடுங்கள். காட்சி இடம்வலம் மாறி வரும் என்பதால் தென்னை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது பிரதியை ஒரு வாரம் காயவிட்டுப் பேஸ்டலைத் தொடங்கலாம். மைப்படலம் மெல்லியதாக இருக்கும்வரை தாள் பேஸ்டலைப் பிடித்துக்கொள்ளும், ‘சட்டமும் கண்ணாடியும்’ அவர்கள் அஞ்சிய எண்ணெய்க் கறையும் அவ்வளவாக ஊறாது. முதல் பிரதியில் மை கனமாக இருப்பதால் அதன்மேல் பேஸ்டலை முயல வேண்டாம்.